மூன்றாம் இரவு

வெள்ளி இரவு எட்டு மணிக்கு
அதைத் தூங்க வைப்பேன்.
பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து
குளிர்பெட்டியின் சூட்டை அளந்து
ஒரு வரி எழுதிவிட்டு
மறுபடி தூங்க வேண்டும்.
அவ்வளவுதான் அதன் பிழைப்பு.
தீப்பெட்டியைவிடச் சிறிய பலகை,
பாதி நகத்தளவு சில்லு,
அதற்குள் யார் யாரோ
ஊர் ஊராய் உட்கார்ந்து
எழுதிச் சேர்த்த ஓர் இயங்குதளம்.
அதில் ஒரு கோடைக்கு என் பங்கு
இந்தத் தூக்கம்.

ஞாயிறு காலை எட்டு இருபத்துநான்குக்குப் பின்
அது எழுந்திருப்பதில்லை.

கெம்னிட்ஸில் ஆகஸ்ட்.
ஐந்தாம் மாடியில் மிச்சம்
நானும் ததுனாவும்தான்.
சன்னலுக்கு அப்பால்
வண்ணம் வண்ணமாய்ப் பூசிக்கொண்ட புகைபோக்கி
வெயிலில் தனியாக நிற்கிறது.
"உன் கம்பி என் தயிருக்குள் கிடக்கிறது"
என்று ததுனா சொல்வாள்.
எடுத்துத் துடைத்து
பாலுக்குப் பின்னால் செருகுவேன்.

நாலு வாரம்.
ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்றரை நாள்.
மின்கலத்தைச் சந்தேகித்தேன்,
பற்றவைப்பைச் சந்தேகித்தேன்,
குளிரைச் சந்தேகித்தேன்.
கடைசியில் காகிதத்தில் போட்டேன்:
நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் துடிப்பு,
நானூற்று இருபத்தொன்பது கோடி வரை எண்ணும்,
அதற்கு மேல் அதனிடம் விரல் இல்லை.
முதலிலிருந்து, பூஜ்யம்.

விழிக்க வேண்டிய எண் மலை போல நிற்க
கையிலிருக்கும் எண் கடுகு போல இருக்க
"இன்னும் நேரம் கிடக்கிறதே" என்று
புரண்டு படுத்திருக்கிறது பாவம்.
பரீட்சை நாளில் நானும் அப்படித்தான்.

எது பெரிது என்று கேட்கும் வரியை அடித்துவிட்டு
எவ்வளவு தூரம் என்று கேட்க வைத்தேன்.
ஒரு கழித்தல்.
எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல்
விளிம்புக்குப் பத்து நொடி முன்னால் தொடங்கினேன்.
ஒன்றரை நாள்
பத்து நொடியானது.
இது முதல் வாரமே தோன்றியிருக்கலாம்.
தோன்றவில்லை.

ஃப்ளென்ஸ்பர்கிலிருந்து வீப்கெ எழுதினாள்:
"வணக்கம் மாசிலாமணி,
இருநூற்றுப் பதினாலாம் வரியின் முடிவில்
ஓர் இடைவெளி மிஞ்சியிருக்கிறது. நீக்கவும்."
மாசிலாமணி என் அப்பா.
இங்கே எந்தப் படிவமும்
என்னை அப்பாவாகத்தான் அழைக்கிறது.
ஈரோட்டில் லாரிக்கு டயர் மாட்டும் மனிதர்
அந்த இடைவெளியை நீக்கினார்.
சேர்த்துக்கொண்டார்கள்.
நாற்பது வரி எழுதி
முப்பத்தேழு அழித்து
மூன்று.

பத்து நொடியை நம்பாமல்
இன்னொரு வெள்ளி, இன்னொரு எட்டு மணி.
ஞாயிறு காலை பல் துலக்காமல் காத்திருந்தேன்.
எட்டு இருபது, ஒரு வரி.
எட்டு முப்பது,
வந்தது.
ததுனாவிடம் சொல்ல ஓடினேன்.
தலையணைக்குள் இருந்தபடி
"வாழ்த்துகள், கதவைச் சாத்து" என்றாள்.

திங்கட்கிழமைதான்
வரிகளை வாசித்தேன்.
இத்தனை நாளும்
வரி வந்ததா என்று பார்த்தேனே தவிர
வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.
நாலு டிகிரி, நாலு, நாலு,
மூன்று பத்துக்கு ஒன்பது.
மூன்று இருபதுக்குப் பதினொன்று.
சனி விடியலில். ஞாயிறு விடியலில்.
இதுவரை எழுதப்படாதிருந்த
மூன்றாம் இரவிலும்.

அன்று தூங்காமல் கிடந்தேன்.
மூன்று ஐந்துக்குச் சமையலறைக்குப் போனேன்.
விளக்குப் போடவில்லை,
குளிர்பெட்டியின் வெளிச்சமே போதுமாயிருந்தது.
திறந்த கதவின் முன்னால்
தரையில் சம்மணமிட்டு ததுனா,
கையில் கைபேசி, அணைந்து.
எதையும் தின்னவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவள் நகர்ந்து இடம் விட்டாள்.
தயிர்க் கிண்ணத்தை எடுத்து
கம்பியை ஒதுக்கிவிட்டு
ஒரே கரண்டியை
எனக்கும் சேர்த்து நீட்டினாள்.

பாலுக்குப் பின்னால்
பச்சைப் புள்ளி ஒருமுறை மினுங்கியது.
எழுந்து, அளந்து, எழுதிக்கொண்டு,
தூங்கப் போனது.