ஒரு சொல்லுக்கு நூறு பெசோ

செவ்வாய் இரவு எட்டு மணி.
சிலோயே தீவு, காஸ்த்ரோ நகரம்.
கால்நடை மருத்துவமனை
கடைசி நாயையும் அனுப்பிவிட்டுக்
காத்திருப்போர் அறையை எங்களுக்குத் தரும்.
மயக்கம் தெளியாத பூனை ஒன்று
கூண்டுக்குள் யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்.

யஸ்னா பிஸ்கட் டப்பாவைக் குலுக்குகிறாள்.
உள்ளே மடித்த துண்டுச் சீட்டுகள்,
நாங்களே எழுதிப் போட்ட வம்புகள்.
போன வாரம், மருந்துச் சீட்டின் நடையில்
காதல் கடிதம் எழுதச் சொன்னது ஒன்று.
(உணவுக்குப் பின், நாளொன்றுக்கு இருமுறை,
பார்வை மங்கினால் உடனே நிறுத்தவும்.
அது என்னுடையது. யாரும் சிரிக்கவில்லை.)
அதற்கு முந்தைய வாரம்
அகராதியைக் கண்மூடித் திறந்து
விரல்பட்ட ஏழு சொற்களில் வீடு கட்டினோம்.
நோல்ஃபாவின் வீட்டுக்குக் கதவே அமையவில்லை.

இன்றைய சீட்டில் சுற்றிவளைப்பு இல்லை:
இந்தத் தீவில் தினமும் விழுவதை எழுது.
அதன் பெயரை எழுதாதே.
எழுதினால் தடவைக்கு நூறு பெசோ.
பணம் பூனையின் தீனிக்கு.

பத்து நிமிடம். பேனா நிற்கக் கூடாது.

நிற்காமலா?
அந்தப் பெயரை எடுத்துவிட்டால் இந்த ஊரில் என்ன மிச்சம்?
நான் எழுதினேன்: படகுத்துறைச் சாளரத்தில்
பயணச்சீட்டு கிழிக்கும் என் விரல்களில்
நாள் முழுக்க ஊறிய பணத்தாள்களின் வாடை.
பிறகு எழுதினேன்: அடுப்பைச் சுற்றி
வாய் பிளந்து நிற்கும் ஆறு ஜோடி பூட்ஸ்.
பிறகு அடித்தேன். பிறகு
அடித்ததன் மேலேயே எழுதினேன்.

நோல்ஃபா சால்மன் ஆலைக்கு இரவுப் பணிக்குப் போக வேண்டியவள்.
கொட்டாவிக்கு நடுவே நான்கே வரி:
மீன்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது.
தலைக்கு மேல் தண்ணீர்,
அதற்கு மேலும் தண்ணீர் என்றால்
அதைத்தான் வானம் என்று நினைத்திருக்கும்.

ருதெசிந்தோ எழுதவே இல்லை.
படகுக்குத் தார் பூசிய கை, தாளைத் தொடத் தயங்கும்.
ஒன்பதாவது நிமிடம் எழுந்தான்.
இரண்டாயிரம் பெசோ தாளொன்றை
நீவிக் கோப்பைக்குள் வைத்தான்.
"இருபது தடவை" என்றான்.
உட்கார்ந்தான்.
அந்தச் சொல்லை எழுதினான்.
அதன் கீழே அந்தச் சொல்லை.
அதன் கீழே அந்தச் சொல்லை.
இருபதாவது வரும்போது அவன் எழுத்து
இறங்கி, சாய்ந்து, காற்றுக்கு ஒதுங்கித்
தாளின் விளிம்பில் சொட்டி நின்றது.

சத்தமாக வாசித்தான்.
பத்தாவதில் அது பொருளை இழந்தது.
பதினைந்தாவதில் தகரக் கூரையானது.
இருபதாவதில் பூனை திட்டுவதை நிறுத்தியது.

ஏமாற்று வேலை என்றேன்.
காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்றான்.
யஸ்னா சற்று யோசித்துப்
புதுச் சீட்டொன்று எழுதி டப்பாவில் போட்டாள்.
என்னவென்று காட்டவில்லை.

விளக்கணைத்து வெளியே வந்தோம்.
மரக்கால்களில் நிற்கும் வீடுகளுக்கு அடியில்
கடல் ஏறிக்கொண்டிருந்தது.
என் குடையின் மேல்
யாரோ மூட்டை மூட்டையாய்ப் பட்டாணி கொட்டினார்கள்.
சட்டைப்பையைத் துழாவினேன்.
பேருந்துக்கு மட்டுமே சில்லறை இருந்தது.