எண்பத்து மூன்றே முக்கால்

விடியலில் கச்சான் வீசும்வரைதான் என் வேலை.
வாடை திரும்பிவிட்டால்
ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணக்கு எழுதுவேன்.
காசிமேட்டு ஏலம் மொத்தமும்
கோப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இருபத்து மூன்று வருடமாக
கல்மண்டபத்துக்குப் பின்னால்
ஐஸ் ஃபேக்டரி மாடியில்
காப்பியை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருக்கிறேன்.
"இன்னா மேடம், முழுங்காத சோத்துக்கு
இவ்ளோ சத்தமா?" என்பார்
மூட்டை ஏற்றும் தணிகாசலம்.

எத்தியோப்பியா வந்திருக்கிறது, தலை நிறைய மல்லிகையோடு.
கென்யா வந்து
நாக்கில் எலுமிச்சையைக் கீறிவிட்டுப் போனது.
தொண்ணூறு போட்டேன், கை நடுங்கப் போட்டேன்.
அடுத்த வாரம்
பெயரைத் தாளில்தான் தேட வேண்டியிருந்தது.

தாண்டிக்குடி சூட்டில் எதுவும் பேசாது.
மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் விலக்கினால்
ஈர விறகு, கொஞ்சம் வெல்லம்,
அவ்வளவுதான் என்று தோன்றும்.
போதும், கழுவி வைக்கலாம் என்று எழுந்திருக்கும்போது
ஆறிய கோப்பையிலிருந்து
கமலா ஆரஞ்சு.
சுளை இல்லை, சாறும் இல்லை,
தோலுக்கு அடியில் வெள்ளையாய் ஒரு கசப்பு இருக்குமே, அது.
அதற்கும் பின்னால் மிளகு,
அடுத்த அறையில் யாரோ
தொண்டையைச் செருமுவது போல.

ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன்.
வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போதே மூக்கு அடைத்துவிட்டது.
பனி, அட்டை, சில்வர் ஓக், ஏறிப் படர்ந்த மிளகுக்கொடி
எல்லாம் பார்த்தேன். எதுவும் மணக்கவில்லை.
குழந்தைவேலு தன் காப்பியைத் தானே ஆற்றிக் கொடுத்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
வெந்நீர்.
"நல்லா இருக்குங்க" என்றேன்.
இந்தத் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய்,
அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

வருடா வருடம் எண்பத்து மூன்றே முக்கால்.
"ஒரு கால் மார்க்கு கூட்டுனா
எம்பத்து நாலு ஆயிருமேம்மா,
வெளிநாட்டுக்காரன் வெல ஏத்துவான்" என்று போனில் கேட்டார்.
கோப்பை ஐந்தையும் மறுபடி வரிசையாக வைத்து
மறுபடி உறிஞ்சினேன்.
எண்பத்து மூன்றே முக்கால்.
பிடித்திருப்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிறகு அந்தப் புயல் வருடம்.
கப்பல் வரவில்லை. லாரிகள்
எண்ணூர் வரை நின்ற இடத்திலேயே நின்றன.
நாற்பது மூட்டை, ஏழு வாரம்,
தண்ணீர் ஏறி இறங்கிய கிடங்கில்.
திரும்பச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.
மூன்றாவது கோப்பையில் எனக்குத் தெரிந்துவிட்டது.
நனைந்த கோணி, டீசல், சுண்ணாம்புச் சுவர்,
எங்கேயோ ஓரமாய்க் கருவாடு.
மலையின் குற்றம் இல்லை இது.
காப்பிக்கொட்டைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது,
பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும்.
ஏழு வாரமாக
எங்கள் ஊரைக் குடித்திருக்கிறது.

நிராகரிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
குழந்தைவேலு போனை எடுக்கவில்லை.
அடுத்த தையில் சாம்பிள் வந்தது.
எப்போதும் கூட வரும் துண்டுச் சீட்டு வரவில்லை.

கழித்த மூட்டைகளில் அரை மூட்டையை
என் காசுக்கு வாங்கிக்கொண்டேன்.
அதை மட்டும் துப்பவில்லை.
ஆறவிட்டால் முதலில் தோல் கசப்பு,
அப்புறம் துறைமுகம்.
எந்தத் தாளிலும் அதற்கு நம்பர் போடவில்லை.

ஒருநாள் தணிகாசலத்துக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன்,
டீயைத் தவிர எதையும் தொடாத ஆள்.
மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.
"இன்னா மேடம் இது,
நம்ம சந்துக்குள்ள பூந்து வந்தா மாரி கீது?"

காலி கிளாஸை நீட்டினார்.
கீழே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.