சப்பாத்துக் கோதுமை

மா ஆலையில் எட்டு மணித்தியாலம் நின்றால்
எப்படியும் சப்பாத்துக்குள் கொஞ்சம் கோதுமை ஏறிவிடும்.
வாசலில் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுவேன்.
என் ஆறு கோழிகளுக்கும் என்னில் இருக்கிற மரியாதை
அந்தச் சப்பாத்தளவு.

செவ்வாய்க்கிழமை ஐந்துதான் ஓடிவந்தன.

ரீச்சர் வரவில்லை.
மகள் வைத்த பெயர் அது,
தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற
அந்தப் பார்வைக்காக.
கறிவேப்பிலை மரத்தடியில் இறகை உப்பிக்கொண்டு
நனையாமலே நனைந்தவளாய் நின்றாள்.
சீனன்குடா விமானம் ஒன்று ஓடு அதிரத் தாழப் போனது,
மற்றதுகள் வேலிக்குள் பாய்ந்து ஒளித்தன.
இவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
தீன்பையைத் தடவிப் பார்த்தேன்:
பிசைந்துவிட்டு மறந்த மா உருண்டை.

றவூப் காக்கா மதிலுக்கு மேலால் எட்டினார்.
"செத்தாக் குழி. இப்பவே அறுத்தாக் கறி.
கத்தி நான் தாறன்."
சொன்னதில் பிழையில்லை. கத்தியும் நல்ல கத்தி.
நாளைக்குப் பார்ப்பம் என்றேன்.

மகளின் காது மருந்துக் குழாயை
மர்ழியா மூன்று தரம் அலசித் தந்தாள்.
சொண்டோரமாய் ஒவ்வொரு துளி இளஞ்சூட்டுத் தண்ணீர்,
நடுவே இரண்டு துளி தேங்காய் எண்ணெய்.
பிறகு மடியில் வைத்து
தீன்பையை வட்டமாக, மெல்ல, மெல்ல.
வெள்ளைமணல் முழுக்க நித்திரை.
அவளுடைய இதயம் என் சுண்டுவிரலுக்குக் கீழே
தையல் மெசின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

புதன். சின்ன வெங்காயம் அரிந்து வைத்தோம்.
தயிர் வைத்தோம்.
அவித்த முட்டைக் கருவை நசித்து வைத்தோம்,
அது யார் இட்டதென்று சொல்லாமல்.
ஒரு கண்ணால் பார்த்தாள். மறு கண்ணால் பார்த்தாள்.
முழுக்கப் பிழையான கொப்பியைத்
திருப்பிக் கொடுக்கிற மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கு எனக்கு இரவு வேலை.
குடாவில் கோதுமைக் கப்பல்.
குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.
நாடு முழுக்கப் பாணாய்த் தின்னப்போகிற தானியம்
என் தலைக்கு மேலால் இரைந்து போனது, தொன் தொன்னாக.
நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மணியை.
ஒரேயொரு மணி, ஒரு சொண்டுக்குள் போவதை.
"என்ன ஹிதாயத், முகம் சரியில்ல?" என்றார் மேற்பார்வையாளர்.
வீட்டில் ஒராள் சாப்பிடுதில்லை சேர், என்றேன்.
ரெண்டு நாள் லீவு போடு என்றார்.
போட்டேன்.

வியாழன் தீன்பை இளகிவிட்டது. பசிதான் வரவில்லை.
பின்னேரம் காக்கா கத்தியோடு வந்தார்.
மர்ழியா அதை வாங்கிப் பலாக்காய் வெட்டி,
கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளி, ஜும்மாவுக்குக் கட்டின வெள்ளைச் சாரத்தோடு
படியில் நின்று சேவலைப் பார்த்தேன்.
புழுக் கிடைத்தால் அவன் விழுங்கவில்லை.
கொத்தினான், போட்டான்,
கொத்தினான், போட்டான்,
கொக்கொக்கென்று ஊரைக் கூப்பிட்டான்.

பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன்.
தகரத் தட்டில் ஊறின கோதுமை.
பெருவிரல் நகத்தால் தட்டினேன். டொக். டொக்டொக்.
கழுத்தை இழுத்து "கொக்... கொக்..." என்றும் சொன்னேன்.
ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பு.
மதிலுக்கு மேலே காக்காவின் தொப்பி.

முதல் கொத்து நகக்கண்ணில் விழுந்தது.
இரண்டாவதும் அங்கேதான்.
மூன்றாவதில் கோதுமை.

எது கேட்டதோ தெரியாது, எண்ணெயோ வெங்காயமோ.
என்னைப் பார்க்க அவளுக்கே பாவமாய் இருந்ததோ.
"மகனுக்கு வாற மாசம் கலியாணம்," என்றார் காக்கா,
"கோழி தேவைப்படும்."
ரீச்சர் தலையைச் சரித்து
அவரை ஒருமுறை பார்த்தாள்.
தொப்பி இறங்கிவிட்டது.

திங்கள் வேலை முடிந்து வந்து
ஒரு சப்பாத்தைக் கவிழ்த்தேன். எண்ணினேன்.
ஐந்து.
நெஞ்சு ஒருமுறை நின்றது.
மற்றச் சப்பாத்தை எடுக்கக் கை நீட்டினால்
அது தானாக அசைகிறது.
கவிழ்க்கும் மட்டும் பொறுக்கவில்லை,
கழுத்து வரை
உள்ளே இறங்கியிருந்தாள்.