ஏரிப்பக்கம் குளிர் கூடுதல்

காலை ஏழு மணி வண்டி என்னுடையது.
கீழே சுப்பீரியர் ஏரிக்கரை, மேலே மலையுச்சி,
நடுவில் இருபத்தாறு நிறுத்தம்.
டுலூத் வானொலிக்கு மே மாதம் முழுக்க ஒரே வரி:
ஏரிப்பக்கம் குளிர் கூடுதல்.
அதைச் சொல்ல ஓர் ஆள், அவருக்குச் சம்பளம் வேறு.
கரையில் வைப்பர் போட்டு மூடுபனியைத் துடைப்பேன்,
உச்சியில் கண்கூச்சத்துக்குத் தகட்டை இறக்குவேன்.

கீழே நாற்பத்தொன்று.
பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஐம்பத்தைந்து.
மேலே எழுபது, பையன்கள் அரைக்கால் சட்டையில்.
திரும்பி இறங்கையில் பாதி வழியில்
ஈர வேட்டிக்குள் தலையை விட்டதுபோல்
வண்டி வெள்ளைக்குள் நுழையும்.
பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு
ஜிப்பை இழுப்பார்கள்.
எங்கள் ஊர் வசந்தத்தின் சத்தம் அது.

மே பதினெட்டு, ஓர்வோ நிஸ்கானென் ஏறினார்.
கரையோரத் தெருவில் வீடு,
இரும்புத்தாதுக் கப்பல்களில் எண்ணெய் போட்டுக் காய்த்த கை.
அட்டைப் பெட்டியில் ஒன்பது தக்காளி நாற்று,
ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டு வெளுத்தவை.
"ஏரியில் இன்னும் ஐஸ் மிதக்குது.
மேலே யாராவது வெயில் வச்சிருப்பாங்க,
கொடுத்துடு" என்றார்,
சில்லறை மாற்றி வரச் சொல்பவர்போல.
அவர் இறங்கவேண்டியதும் அதே நிறுத்தம்தான். இறங்கிவிட்டார்.

டாஷ்போர்டில் வைத்தேன். விதிப்படி தப்பு.
ஒவ்வொரு வளைவிலும் ஒன்பதும் ஒரே பக்கம் சாய்ந்தன,
பயணிகளைவிட ஒழுங்காக.

கடைசி நிறுத்தம்வரை வருபவள் டெல்ஃபின் பிரெசெட்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து
கண்ணாடியில் நெற்றி முட்டத் தூங்கி வருவாள்.
"யாருடையது?"
"ஏரிக்காரருடையது."
"என் வீட்டைச் சுற்றிப் பாறை.
உருளைக்கிழங்கே கெஞ்சித்தான் வருது."
"வாளியில் வையுங்க."
மறுநாள் டிக்கெட் இயந்திரத்தின் மேல்
ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஆறு ரூபார்ப் தண்டு,
மேல்பக்கம் கப்பல் எண்ணெய்க்காரருக்கு என்று பேனாவில்.
அவர் வேலையை நான் எப்போது சொன்னேன், நினைவில்லை.

ஜூலையில் கீழிருந்து பட்டாணி போனது, சாலட் கீரை போனது.
மேலே வெயிலில் அதெல்லாம் கசந்து பூத்துவிடும்.
மேலிருந்து பெரும்பாலும் செய்திதான் வந்தது.
பூ விட்டது.
புகைமூட்டம் ஐந்து நாள், கனடாவில் காடு எரிகிறது,
இலையெல்லாம் சாம்பல்.
மான் ஒரு செடியை முழுதாய்த் தின்றது,
இன்னொன்றில் ஒரு கிளை.
பிரேக்கில் காலை வைத்தபடி சொல்வேன்.
"எந்தக் கிளை?" என்று கேட்பார் ஓர்வோ.
எனக்கென்ன தெரியும்.

செப்டம்பர் பன்னிரண்டு, வானொலி பாட்டை மாற்றியது.
மலைமேல் உறைபனி, நள்ளிரவுக்குப் பின்.
இந்த ஏரி இருக்கிறதே, சுத்தக் கஞ்சன்.
கோடை முழுக்க வாங்கிய வெயிலை அடியில் போட்டுவைத்து
மே, ஜூனில் கை விரிக்கும்.
மேலே கூரைகள் வெளுக்கத் தொடங்கும் இரவில்தான்
கரையோரத் தெருவுக்கு மட்டும்
காசு காசாய் நீட்டும்.

அன்று கடைசி வண்டியும் எனக்கு.
உச்சி நிறுத்தத்தில் டெல்ஃபின், எட்டு வாளி,
அவற்றை இழுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரின் பனிச்சறுக்கு வண்டி,
பனியே இல்லாத தார்ச்சாலையில் கீறிக்கொண்டு.
சக்கர நாற்காலி இடத்தில் ஐந்தைப் பட்டை போட்டுக் கட்டினோம்.
காதில் பாட்டு மாட்டிய கல்லூரிப் பையன் ஒன்றை மடியில் வாங்கினான்,
பச்சைக் காய் தாடையில் இடிக்க, பாட்டை எடுக்காமல்.

கீழே ஓர்வோ டார்ச்சுடன் நின்றார்.
நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.
வானொலி அவரிடமும் இருக்கிறது.
ஒவ்வொரு வாளியாய் வெளிச்சம் போட்டு எண்ணினார்.
டெல்ஃபின் குனிந்து ஒரு தண்டைத் திருப்பி,
"இந்தக் கிளைதான்" என்றாள்.
முறிந்த இடத்துக்குக் கீழே துளிர்த்து
சுண்டைக்காய் அளவில் மூன்று.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கதவு திறந்தே இருந்தது.

நாலு நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
வானிலை என்று எழுதினேன்.