ஐஸ்

மூன்றாவது ஊசி ஏறிய மறுநாள்
பழக்கத்தில்
வஞ்சிரத்தின் மேல் கிடந்த ஐஸை ஒதுக்கக் கைவிட்டேன்.
கரண்ட் அடித்தது.
பக்கத்துக் கடை லூர்துநாதன்
மெயின் ஸ்விட்சை அணைக்க ஓடினான்.
சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் பாதி இருட்டு.
ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை.

"உங்க நரம்புதான்மா ஒயர்,
மேல் ரப்பர் உரிஞ்சிருக்கு"
என்றார் அடையாறு டாக்டர்.
மருந்து புற்றை மட்டும் பார்த்துக் கடிக்காதாம்.
குளிர்ந்தது எதையும் தொடாதீங்க,
குடிக்காதீங்க என்றார்,
இருபத்தாறு வருஷமாய்
விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து
ஐஸுக்குள் முழங்கை வரை வாழ்ந்தவளிடம்.

மே மாதத்தில் கம்பளி உறை மாட்டிக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.
எதிரே இருந்த பெண் சிரித்தாள்.
கழுத்தெலும்புக்குக் கீழே துருத்திய போர்ட்டைப் பார்த்ததும்
சாலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"வலி பத்துக்கு எவ்வளவு?"
விலை சொல்லிப் பழகிய வாய் எனக்கு.
ஏழு பெறும் என்று உள்ளே தெரியும்.
மூணு என்றேன்.
கூடுதலாகச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள்,
குறைத்தால் குடலில் அது மறுபடி குஞ்சு பொரிக்கும்,
இது என் கணக்கு.
அவர் பேரம் பேசவில்லை.
இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றைத் தட்டி
மணிக்கட்டில் வைத்தார். அதிருதா? அதிருது.
முழங்காலில். அதிருதா? அதிருது.
கால் கட்டைவிரலில் வைத்தபோது
நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதிருதுங்க, நல்லாவே அதிருது.
கவையை மேசையில் வைத்தார்.
"இந்தத் தடவை நான் தட்டவே இல்லையே, தேசம்மா."

நேற்றைய மீனை இன்றையது என்று விற்றவர்களை
செவுளைத் தூக்கிக் காட்டி
எத்தனை தடவை சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன்.
என் செவுளை ஒருவர் தூக்கிப் பார்த்தது அன்றுதான்.

அளவைக் குறைத்தார்.
அடுத்த ஊசியை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்.
ஒரு மாத்திரை எழுதினார்:
சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் வாரம் குமட்டும்,
நீங்களாக நிறுத்தக் கூடாது,
எரிச்சல் குறையலாம்,
மரத்துப் போனது திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது.
அந்தக் கடைசி வரியை மட்டும்
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மெடிக்கல் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாச்சே ஆன்ட்டி?"
மனசு சரியாத்தான்டா கீது.
பாதம்தான் ஓயாம அழுவுது.

வார்டில் பக்கத்து நாற்காலி மெஹ்ராஜுக்கு. மார்பில்.
அவளுக்கு வேறு மருந்து.
அது ஏறும் நேரம் முழுக்க இரண்டு கையிலும்
உறைந்த ஐஸ் உறை, நரம்பைக் காக்க.
நான் கம்பளியில், அவள் ஐஸில்.
கை கோத்துக்கொள்ளக்கூட வழியில்லை.
"என் பங்கையும் சேத்து நீயே எடுத்துக்கோ" என்றேன்.
அவள் சிரித்ததில் ட்யூப் ஆடியது,
நர்ஸ் முறைத்தார்.

எரிச்சல் நிஜமாகவே தணிந்தது, ஐந்தாம் வாரம்.
போர்வை பாதத்தில் பட்டால் தாங்க முடிந்தது.
எரிந்த இடத்தில் இப்போது பஞ்சு.
வீடு வந்து சேர்ந்த பிறகு மகன் கேட்டான்,
இன்னொரு செருப்பு எங்கம்மா?

ஒருநாள் வவ்வால் அரிந்துகொண்டிருந்தேன்.
அருவாமனையெல்லாம் சிவப்பு.
வவ்வாலில் இவ்வளவு ரத்தம் இருக்காதே என்று
யோசித்துவிட்டு
அப்புறம்தான் என் விரலைப் பார்த்தேன்.

அருவாமனையை மகன் வாங்கிக்கொண்டான்.
ஐஸும் அவன்தான் போடுகிறான், சீராகப் பரப்பத் தெரியவில்லை.
நான் காசு வாங்குகிறேன்,
அஞ்சு ரூபாயா பத்து ரூபாயா என்று
கண்ணால் தடவிப் பார்த்து.

இன்று காலை கல்லாவை மூடும்போது
கட்டைவிரல் நுனியில் என்னவோ உறுத்தியது.
ஒரு செதில். சங்கராவுடையது.
யாரிடமும் சொல்லவில்லை.
மதியம் கடை கட்டும் வரை
அதை எடுக்கவும் இல்லை.