ஏழு நாற்பத்தாறு விமானம்

ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளி.
பாயான் லெப்பாஸில் எழும்புவது எதுவானாலும்
எங்கள் தகரக் கூரையை ஒருமுறை உலுக்கிவிட்டுத்தான் போகும்.

ஏழு நாற்பதிலிருந்து எட்டு மணிவரை
பள்ளி முழுக்க வாசிப்பு.
பதினெட்டு ஆசிரியர்கள். மைலோ பெட்டிகளில் கதைகள்.
ஒருங்கிணைப்பாளர் என்று என் கழுத்தில் ஓர் அட்டை.
அட்டை தந்த அன்றே
ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி
கொஞ்சம் தள்ளிப்போனது.

"பாடத்தை யார் முடிப்பது,
உங்கள் நரியும் முயலுமா?" என்றார் ஜீவரேகா டீச்சர்.
புலனக் குழுவில் நான் அனுப்பும் அட்டவணைக்கெல்லாம்
பதினேழு கட்டைவிரல்கள் எழும்பும்.
கட்டைவிரல் எதையும் வாசிப்பதில்லை.

மூன்றாம் வாரம், கவனிப்புப் படிவத்தோடு
நான்காம் ஆண்டு முல்லையில்
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
உமாபரன் சார். கணிதம்.
இடைநிலைப்பள்ளி தொட்டு எல்லாம் மலாயில் படித்தவர்.
அன்று சந்தைக் கதை.
ஒரு வரியின் பாதியில் நின்றார்.
ஏழு நாற்பத்தாறு. கூரை அதிர்ந்தது.
இரைச்சலுக்குள் அவர் உதடுகள் மட்டும் அசைந்தன.
விமானம் போனதும்
அடுத்த வரியைத் தடையில்லாமல் தொடங்கினார்.

செவ்வாயும் அப்படியே. புதனும்.
கதையில் எது நீளமான சொல்லோ
அது விமானத்துக்கு அடியில் போனது.
படிவத்தில் 'சரளம்' என்றொரு கட்டம்.
அதன்மேல் என் பேனாவும்
எதற்கோ காத்து நின்றது.

வியாழன் புகைமூட்டம்.
பாலத்தில் பாதியைக் காணவில்லை.
நாற்பத்தாறு ஆயிற்று, நாற்பத்தேழும் ஆயிற்று,
வானத்தில் ஒன்றுமில்லை.
சாரின் விரல் ஒரு சொல்லின் கீழ் ஊன்றி நிற்கிறது.
என் கையிலும் அதே நகல்:
நடுக்கடலில் படகு தத்தளித்துக்கொண்டிருந்தது.
"தத்... தத்தளி... தத்..."

மூன்றாம் வரிசையில் கவிலாஷ்
தாளால் வாயை மறைத்துக்கொண்டு
"ஊஊஊ" என்றான்.
ஹர்ஷினா சேர்ந்துகொண்டாள். பிறகு ஜன்னலோரம் முழுதும்.
முப்பத்தொரு பிள்ளைகள்
தாழப் பறந்தார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்தச் சத்தத்தின் அடியில்
சார் தன் சொல்லைக் கரைசேர்த்தார்.
சத்தம் இறங்கியது. கதை நகர்ந்தது.

கட்டத்தில் எழுதினேன்: விமானம் தாமதம்.
தலைமையாசிரியர் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார்.

இடைவேளையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம்.
பயிற்சியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்,
கேள்வி கேள், பிறகு பத்து எண்ணும்வரை வாய் திறக்காதே என்று.
"எப்படிப் போகுது சார்?"
ஒன்பதில் அவர் பேசினார்:
"கதை எங்க கைக்கு எப்ப வருது டீச்சர்?"

தினமும் காலை ஏழரைக்கு.
நகல் இயந்திரத்தின் சூடு ஆறுமுன்
நானேதான் மேசை மேசையாக வைப்பேன்,
பெருமையாக.
தாளோடு தனியே இருக்க
ஒருவருக்கும் ஓர் இரவு தந்ததில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை;
இருந்தால் அதில் என் பெயர்.

இப்போது வெள்ளி மதியமே பெட்டிகள் போகின்றன.
ஜீவரேகா டீச்சர் திங்களன்று
சிவப்பு மையில் ஒரு திருத்தம் தந்தார்:
"நரி இவ்வளவு மரியாதையாகப் பேசாது."
பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தே சொன்னார்.
வண்டி நிறுத்துமிடத்தில்
ஒரு மைவியின் கண்ணாடிகள் ஏறியிருக்கும்,
ஸ்டீயரிங்கின்மேல் ஒரு கதை விரிந்திருக்கும்.
நான் சாவியைத் தேடுவதுபோல் கடந்துவிடுவேன்.

நேற்று கவிலாஷ் படிக்கட்டில் மறித்தான்.
குரலில் ஒரு குறை.
"டீச்சர், இன்னைக்கு விமானம் வந்துச்சு.
சார் அது போறவரைக்கும் சும்மா நின்னாரு.
போனப்புறம்தான்
அந்தப் பெரிய சொல்ல வாசிச்சாரு."