ஆரஞ்சுக் கையுறை

க்டீனியா கப்பல்தளம், ஜனவரி.
அறுபது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் நான்.
இங்கிருந்து பொகுமீவாவுக்கு முகம் கிடையாது.
ஒரு மஞ்சள் தலைக்கவசம், இரண்டு ஆரஞ்சுக் கையுறைகள்.
உள்ளங்கையை விரித்தாளென்றால்
நாற்பது டன் இரும்புத்தகடு
அந்தரத்தில் அப்படியே நிற்கும்.
ஆணா பெண்ணா என்று இரும்பு கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை,
மேலே இருக்கும்வரை.

கீழே, திங்கட்கிழமைக் கூட்டத்தில்
அவள் முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்ளும்.
வாட்செக் இரண்டு நாற்காலிக்குப் பரந்து கிடப்பான்.
அவள் வாயெடுத்தால் அவன் பேசிவிடுவான்.
எல்லோரும் அவன் பக்கம் திரும்புவோம்.
நானுந்தான்.

வார்சாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.
"தலையைச் சாய்க்காதீர்கள், பணிவாகத் தெரிகிறது.
காலை அகட்டி நில்லுங்கள்.
சிரிப்பைக் கொஞ்சம் குறையுங்கள்."
வாட்செக்குக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

அவள் தலை சாய்வது இடக்காது மந்தம் என்பதால்.
பதினேழு வருடம்
இரும்பறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது.
ஒரு வாரம் நிமிர்ந்தே இருந்தாள்.
பாதிப் பேச்சு கேட்கவில்லை.
"யார்மேல் கோபம்?" என்றார்கள்.

நேற்று பனிச்சாரல். அவசரத்தில்
கையுறையோடே கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.
தலை பழையபடி சாய்ந்திருந்தது.
ஏதோ சங்கிலியின் தேய்மானம் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்;
வாட்செக் குறுக்கே புகுந்தான்.

ஆரஞ்சு உள்ளங்கை உயர்ந்தது.

மேசைக்கடியில் என் கை தானாக
இல்லாத நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது.

அவன் வாக்கியம் அந்தரத்தில் தொங்கியது.
ஆடும் சுமையை இறக்கக் கூடாது,
அது அவளுக்குத் தெரியும்.
காத்திருந்தாள்.